விடிய விடிய ஓட எட்டுப் பேர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இரவு அஞ்சல் ஓட்டம் பற்றி, அதாவது ஒரு குழு ஒருவர் மாற்றி ஒருவராக இரவெல்லாம் ஓடுவதைப் பற்றி, நாலு வரிதான் எழுதினேன், அதற்கு இத்தனை கடிதமும் புலனச் (வாட்ஸ்அப்) செய்தியும் வரும் என்று நினைக்கவில்லை. சுங்கை சிப்புட், செம்மோர், கோலகங்சார் என்று பக்கத்து ஊர்களிலிருந்தே பாதி. நம் தோட்டப் பட்டணங்களில் இவ்வளவு பேர் ஓடுகிறார்கள் என்று தெரிந்ததே பெரிய சந்தோஷம். இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: அண்ணே, நாங்கள் எட்டுப் பேர், வாரத்தில் மூன்று நாள் மெதுவோட்டம் ஓடுகிறவர்கள். சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்கி விடியும்போது முடிகிற 120 கிலோமீட்டர் அஞ்சல் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆளுக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு 5 கிலோமீட்டர். மொத்தம் 15 கிலோமீட்டர்தானே, இதற்கு என்ன தனிப் பயிற்சி என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். (சுங்கை சிப்புட் வாசகர்)

தம்பி, அந்த 'தானே'தான் ஆளைக் கவிழ்க்கும். ஒரே மூச்சில் 15 ஓடுவது வேறு, ஐந்து ஓடி, நாலு மணி நேரம் வேனில் கால் மடக்கி உட்கார்ந்து, ஆறிப்போன காலோடு மறுபடி ஐந்து, அப்புறம் இன்னொரு ஐந்து என்பது வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்றால் ஒரு சுற்று முப்பத்திரண்டரை நிமிடம், இருபத்து நாலு சுற்றும் முடிய 13 மணி நேரம். உங்கள் எட்டாவது ஆள் முதல் முறை ஓடுவது இரவு 9.50 வாக்கில், இரண்டாவது முறை நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு மேல், மூன்றாவது முறை காலை ஆறரைக்கு. அவர் எவ்வளவு வேகமாக ஓடுவார் என்பது இதில் கடைசிக் கேள்வி. 2 மணிக்கு எழுந்து நிற்பாரா என்பதுதான் முதல் கேள்வி.

அதனால் ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு வாரக் கடைசியிலாவது இப்படிச் செய்யுங்கள். சனிக்கிழமை மாலை ஒரு 5 கிலோமீட்டர், இரவு 11 மணிக்கு இன்னொன்று, ஞாயிறு அதிகாலை நாலரைக்கு மூன்றாவது. மூன்றாவது ஓட்டத்தில் முதல் கிலோமீட்டர் தொடை மரக்கட்டை மாதிரி இருக்கும், இரண்டாவது கிலோமீட்டரில் இளகிவிடும். இது உடம்புக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டால் போதும், அன்றைக்குப் பயப்படாது.

கேள்வி: இரண்டு வேன் வைத்திருக்கிறோம். ஒரு வேன் ஓடும்போது இன்னொன்று தூங்கலாம் என்று திட்டம். எத்தனை மணி நேரம் தூக்கம் கிடைக்கும்?

நினைப்பதில் பாதி. வேனுக்கு நாலு பேர் என்றால் ஒரு வேன் ஓய்வில் இருப்பது இரண்டு மணி பத்து நிமிடம். அதில் 20 கிலோமீட்டர் முன்னால் போய் வேனை நிறுத்த வேண்டும், நனைந்த சட்டையை மாற்ற வேண்டும், ஏதாவது சாப்பிட வேண்டும், ஓடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே எழுந்துவிட வேண்டும். அரை மணி, நாற்பது நிமிடம் கண்மூடினால் பெரிய விஷயம். அதற்கே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தூங்கி எழுந்த முதல் அரை மணி நேரம் மனிதனுக்குத் தலையே நிற்காது, அந்த மப்போடு சாலையில் இறங்கக் கூடாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவின் இரண்டாவது வருட ஓட்டத்தில் மூன்றரை மணிக்கு நான்தான் வாங்கி ஓட வேண்டியவன். கைபேசியில் மணி வைத்துவிட்டு வேனின் பின்சீட்டில் படுத்தேன். கைபேசி சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. எனக்கு முன்னால் ஓடி வந்தவர் ஐம்பது வயது தாண்டிய லாரி ஓட்டுநர், செம்மண் மேட்டில் ஏறி இறங்கி வந்திருக்கிறார். மூடிக் கிடந்த சீனர் கோப்பிக் கடை வாசலில் யாரும் இல்லை. நின்றால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் என்று, கோலுக்குப் பதில் நாங்கள் கைமாற்றும் கைப்பட்டையைக் கழற்றிக் கையில் வைத்தபடி கடை வாசலிலேயே சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார், பதினோரு நிமிடம். கடைசியில் எங்கள் வேனைக் கண்டுபிடித்து மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டினார். அந்த டக் டக் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, பட்டையை நீட்டினார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரே சட்டம். ஓடி வருகிறவர் வந்து சேர்வதற்குப் பத்து நிமிடம் முன்னால் அடுத்தவர் கைமாற்றும் இடத்தில், காலணி கட்டி, விளக்கு மாட்டி, நின்றுகொண்டு இருக்க வேண்டும். எழுப்புவது கைபேசியின் வேலை இல்லை, ஒரு மனிதனின் வேலை. எந்த ஆளை யார் எழுப்புவது என்று தாளில் எழுதி வேன் கதவில் ஒட்டிவிடுகிறோம். கிலோமீட்டருக்கு அரை நிமிடம் வேகமாக ஓடுகிறவரை விட, சொன்ன நேரத்துக்கு எழுந்து நிற்கிறவரைத்தான் நான் குழுவில் சேர்ப்பேன்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோன் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய வேனுக்குள் தூங்காதீர்கள். புகையில் இருக்கும் விஷவாயு உள்ளே வந்தால் வாசனையே தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கோயில் மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ முன்கூட்டியே கேட்டு வைத்துப் பாய் விரித்துக்கொள்ளுங்கள். வேன் ஓட்ட, எட்டுப் பேருக்கு வெளியே இரண்டு பேரைப் பிடியுங்கள். ஓடி முடித்துக் கண் சொருகுகிறவன் ஸ்டியரிங் பிடிக்கவே கூடாது. ஓடத் தெரியாத ஆனால் வண்டி நன்றாக ஓட்டுகிற மாமா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவருக்கும் ஒரு குழுச் சட்டை அடித்துக் கொடுங்கள்.

கேள்வி: இந்த மாதிரி ஓட்டம் எங்கே தொடங்கியது?

ஜப்பானில் 1917-ல் கியோத்தோவிலிருந்து தோக்கியோ வரை சுமார் 500 கிலோமீட்டரை இராப்பகலாக மூன்று நாள் தொடர் ஓட்டமாக ஓடினார்கள். அதற்கு 'எக்கிடென்' என்று பெயர். கோலுக்குப் பதில் தோளில் ஒரு துணிப்பட்டையை மாற்றிக்கொள்வார்கள், இன்றும் அப்படித்தான். வேன் வைத்து இரவெல்லாம் ஓடும் இன்றைய முறை பரவியது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஓட்டத்திலிருந்து. 1982-ல் தொடங்கிய அந்த ஓட்டம் ஹூட் மலையிலிருந்து கடற்கரை வரை சுமார் 320 கிலோமீட்டர், பன்னிரண்டு பேர் முப்பத்தாறு சுற்று ஓடி முடிப்பார்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் நான்தான் வேகமானவன். ஆனால் குழுத்தலைவர் எனக்கு இரவு 1 மணிச் சுற்றைக் கொடுத்துவிட்டு, கடைசிச் சுற்றை வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார். நியாயமா? (செம்மோர் வாசகர்)

நியாயம்தான். கடைசிச் சுற்றில் ஆள் கூட்டம், கைத்தட்டல், வெளிச்சம் எல்லாம் இருக்கும், யார் ஓடினாலும் கால் தானாகப் போகும். 1 மணிக்கு ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கமும் செம்பனை, உங்கள் நெற்றி விளக்கு காட்டுகிற பத்தடி வட்டம்தான் உலகம். அங்கே நேரம் சரியும். திடமான காலை அங்கே போடுகிற தலைவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. நம் மலேசிய ஓட்டக்காரர் மணி ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கினார். 100 மீட்டரும் 200 மீட்டரும் அவருடையவை, மூன்றாவது நாலு பேர் சேர்ந்து ஓடிய 4x100 அஞ்சல் ஓட்டத்தில் வந்தது. அவ்வளவு பெரிய ஓட்டக்காரருக்கே அந்தத் தங்கத்தில் கால் பங்குதான்.

கேள்வி: எனக்கு 22 வயது. தோழிகளோடு குழு சேர்ந்திருக்கிறேன். பொம்பளைப் பிள்ளை ராத்திரி ரோட்டில் ஓடுவதா என்று அம்மா விடமாட்டேன் என்கிறார். (கோலகங்சார் வாசகி)

தங்கச்சி, அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், அது வெறும் பேச்சு இல்லை. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: பாட்டி எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார்? என் அம்மா விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போனவர். விடிவதற்கு முன் சீவினால்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். லயத்து வாசலில் நின்று பார்த்தால் ரப்பர் காட்டுக்குள் சின்னச் சின்ன வெளிச்சங்கள் நிரை நிரையாகப் பிரிந்து போகும். நான் இரவு ஓட்டத்தில் முதல் முறை முன்னால் போகிறவரின் விளக்கைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது அதுதான். நம் பெண்களுக்கு இருட்டு புதிதில்லை. அந்தப் பெண்கள் தனியாகவும் போகவில்லை, பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து கூட்டமாகப் போனார்கள், ஒரு குரல் கொடுத்தால் பக்கத்து நிரையில் கேட்கும்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரவுச் சுற்றுகளில் இரண்டு பேர் சேர்ந்து ஓட ஏற்பாட்டாளரிடம் அனுமதி கேளுங்கள், அல்லது ஒரு தோழி சைக்கிளில் கூட வரட்டும். ஓடுகிறவர் இருக்கும் இடம் கைபேசியில் வேனுக்குத் தெரியும்படி வையுங்கள். அம்மாவையே வேனில் ஏற்றிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. எம். ராஜாமணி 1966-ல் 400 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கிய பெண், அவர் வீட்டிலும் யாரோ ஒருவர் சரி, போய் வா என்று சொல்லியிருப்பார்தானே.

கேள்வி: என்ன சாப்பிடுவது? போன முறை நள்ளிரவில் நாசி லெமாக் சாப்பிட்டு இரண்டாவது சுற்றில் வாந்தி எடுத்தேன்.

தேங்காய்ப்பாலும் சம்பலும் ஓடுகிற வயிற்றில் நிற்காது. மாலை 3 மணிக்கு வயிறாரச் சோறு, அதோடு பெரிய சாப்பாடு முடிந்தது. பிறகு ஒவ்வொரு சுற்றும் முடிந்த அரை மணிக்குள் கொஞ்சம்: பீசாங் மாஸ் (சின்ன வாழைப்பழம்) இரண்டு, காயா தடவிய ரொட்டி, இல்லாவிட்டால் உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி. எங்கள் வேனில் பிளாஸ்க்கில் கஞ்சிதான் முதலில் தீரும். இரவில் வெயில் இல்லை என்று தண்ணீரை மறக்காதீர்கள், நம் ஊர்க் காற்று ஈரத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் தப்பு, உப்பு சேர்ந்த பானமும் இருக்கட்டும். கோப்பி குடிப்பதென்றால் ஓடுவதற்கு அரை மணி முன்னால், அதுவும் பயிற்சியில் குடித்துப் பழகியிருந்தால் மட்டும்.

கேள்வி: நாய், லாரி, மழை, பாம்பு. எதற்கு முதலில் பயப்பட வேண்டும்?

லாரிக்கு. நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் போகிறது, ஆகவே நீங்கள் வலப்பக்க ஓரத்தில், எதிரே வருவதைப் பார்த்தபடி ஓடுங்கள். ஒளி பிரதிபலிக்கும் மேலாடை, நெற்றி விளக்கு, முதுகில் மின்னும் சிவப்பு விளக்கு, மூன்றும் கட்டாயம். காதில் பாட்டு வேண்டாம். பெரிய சாலையில் வேன் உங்கள் பின்னால் ஊர்ந்து வரக் கூடாது, பின்னால் வேகமாக வருகிறவன் வேனில் இடித்தால் வேன் உங்கள் மேல் ஏறும். முன்னால் போய் சாலையை விட்டு ஒதுங்கி நிற்கட்டும்.

அடுத்தது இடி. சத்தம் கேட்ட நிமிடமே ஓட்டத்தை நிறுத்தி வேனுக்குள் ஏறுங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். நாய் வந்தால் ஓடாமல் நடங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். பாம்பு எலியைத் தேடி செம்பனைக்குள் இருக்கும், புல்லில் இறங்காமல் சாலை மேலேயே ஓடினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, புல்லுக்குள் சிறுநீர் கழிக்க இறங்கும்போதுதான் விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பாதியில் ஒருவருக்கு முடியாமல் போனால்?

முடியாமல் போகும் என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். கணுக்கால் பிசகும், வயிறு கலங்கும், சிலருக்கு ஒன்றுமே இல்லாமல் 3 மணிக்கு அழுகை வரும், அதுவும் உடம்பு சொல்வதுதான். அவரைக் கெஞ்சி ஓட வைக்காதீர்கள், போர்வை கொடுத்து முன்சீட்டில் உட்கார வையுங்கள், அடுத்தவரை எழுப்பும் வேலையைக் கொடுங்கள். அவருடைய ஐந்து கிலோமீட்டரை யார் ஓடுவது என்பதை 3 மணிக்கு இருட்டில் நின்று பேசினால் சண்டைதான் வரும். யாருக்குப் பதில் யார் என்று எட்டுப் பெயருக்கும் எதிரே ஒரு பெயரை வெள்ளிக்கிழமை இரவே எழுதி, அந்த எழுப்பும் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.