நகரசபை அல்ல, சட்டமன்றம்

கேள்வி: மெக்சிகோவின் தலைநகரில் ஒரு நகரசபை, கருக்கலைப்பு குற்றமில்லை என்று சட்டம் போட, அதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டதாமே? நாடாளுமன்றம் என்று ஒன்று இருக்கும்போது இது எப்படிச் செல்லும்?

பதில்: ‘ஒரு நகரசபை’ என்று எழுதும்போதே உங்கள் தீர்ப்பு தெரிந்துவிடுகிறது. குப்பை அள்ளுவதும் தெருவிளக்குப் போடுவதும்தான் அவர்கள் வேலை, உயிர், உரிமை போன்ற பெரிய விஷயமெல்லாம் மேலே இருப்பவர்களுக்கு என்கிறீர்கள். இந்த மனப்பான்மையோடு இதே பக்கத்தில் பல காலமாக மல்லுக்கட்டி வருகிறேன். இன்றும் விடப்போவதில்லை.

அது நகரசபையே அல்ல. 66 உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றம். மெக்சிகோவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தண்டனைச் சட்டம் உண்டு. தலைநகருக்கு மட்டும் நெடுங்காலம் மத்திய காங்கிரஸே, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றமே, சட்டம் இயற்றிவந்தது. 1996ஆம் ஆண்டின் அரசியல் சாசனத் திருத்தம்தான் அந்த அதிகாரத்தைத் தலைநகரச் சட்டமன்றத்துக்குப் பெற்றுத் தந்தது. அதைக் கொண்டுதான் 2007 ஏப்ரல் 24 அன்று 46க்கு 19 என்ற வாக்கில், முதல் 12 வாரங்களுக்குள் செய்யப்படும் கருக்கலைப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நகரின் அரசு மருத்துவமனைகள் இலவசமாகச் செய்துதர வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். எனக்கு முதல் பாதியைவிட இதுதான் பெரிது. சிறைக்கதவைத் திறந்துவிட்டு மருத்துவமனைக் கதவைச் சாத்தினால் ஏழைப் பெண்ணுக்கு என்ன பயன்?

இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர்கள் இருவர். ஒருவர் மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல். இன்னொருவர் தேசிய மனித உரிமை ஆணையம்! பெண்ணைச் சிறைக்கு அனுப்பும் விதியைக் காப்பாற்ற ஒரு மனித உரிமை ஆணையம் நீதிமன்றப் படியேறியதை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. சுகாதாரம் மத்திய அரசின் துறை என்றார்கள், எடுபடவில்லை. கருவின் உயிருரிமையைக் காட்டினார்கள். பொது விசாரணைகள் நடத்தி எல்லாத் தரப்பையும் கேட்டபின், 2008 ஆகஸ்ட் 28 அன்று எட்டுக்கு மூன்று என்ற நீதிபதிகளின் வாக்கில் சட்டம் நின்றது. கருக்கலைப்பைத் தண்டித்தே ஆகவேண்டும் என்று சாசனம் எங்கும் கட்டளையிடவில்லை. எது குற்றம் என்று முடிவுசெய்யும் அதிகாரம் பெற்ற மன்றம், எது குற்றமில்லை என்றும் முடிவுசெய்யலாம். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான்.

மாநில உரிமை பேசும் என்னைப் போன்றவர்களுக்கு உண்மையான சோதனை அதற்குப் பிறகே வந்தது. தலைநகரைப் பார்த்து மிரண்ட ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மாநிலங்கள், கருவுற்ற கணத்திலிருந்தே உயிருக்குப் பாதுகாப்பு என்று தங்கள் மாநில சாசனங்களைத் திருத்திக்கொண்டன. பாஹா கலிபோர்னியா, சான் லூயிஸ் பொத்தோசி ஆகியவற்றின் திருத்தங்கள் 2011இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. பதினொருவரில் ஏழு நீதிபதிகள் அவை செல்லாது என்றார்கள். அன்று ரத்துசெய்ய எட்டு வாக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் அவை பிழைத்துக்கொண்டன. விளைவு? பஸ் டிக்கெட்டுக்கும் தங்குவதற்கும் பணம் இருந்தவள் தலைநகருக்கு வந்து சிகிச்சை பெற்றாள். இல்லாதவள் தன் ஊரில், பிடிபட்டால் வழக்கு என்ற பயத்தோடு ஆபத்தான வழிகளைத் தேடினாள்.

ஆகவே மாநிலங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று சொல்லும் அதே வாயால் இதையும் சொல்கிறேன்: உரிமையைக் கூட்டித் தர எந்தச் சட்டமன்றமும் முந்திக்கொள்ளலாம், ஒரு பெண்ணைக் கூண்டில் ஏற்ற எந்த மன்றத்துக்கும், அது எவ்வளவு பெரியதானாலும், உரிமை கிடையாது. அந்த நீதிமன்றமே மெல்ல அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. கருக்கலைப்புக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்றிருந்த கோவாஹுயிலா மாநில விதியை 2021 செப்டம்பர் 7 அன்று ஒருமனதாக வீழ்த்தியது. நீங்கள் பெரிதாக நம்பும் மத்திய காங்கிரஸின் சொந்தத் தண்டனைச் சட்டத்திலும் அதே குற்றம் இருந்தது. அதுவும் சாசனத்துக்கு முரணானது என்று 2023 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. உங்கள் ‘நகரசபை’ அதை 16 ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்திருந்தது.