சமாதானத்துக்கு முன் கணக்கு

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறைக்குக் கிழக்கே சிற்றூர் எங்களுடையது. தேவாலயக் கூரையைச் செப்பனிடத் திரட்டிய பணத்துக்குச் சபைக் கூட்டத்தில் கணக்குக் கேட்டேன். அன்று முதல் சபை இரண்டு கட்சி. கமிட்டியில் இருக்கும் சித்தப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவரோடு ஒப்புரவான பிறகு திருவிருந்து ஆராதனைக்கு வரச் சொல்கிறார் போதகர். சமாதானத்தைக் கெடுத்தது நான்தானா? வேறு சபைக்குப் போய்விடலாமா?

(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்குக் கேட்டதற்கே ஒரு சபை உடைகிறதென்றால் விரிசல் முன்பே விழுந்திருக்கிறது. அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

போதகர் மனதில் இருப்பது மத்தேயு 5:23 என்று நினைக்கிறேன். அதை நிதானமாகப் படியுங்கள். ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறது அது. யார்மேல் குறை சொல்லப்படுகிறதோ அவர் எழுந்து போக வேண்டும். நம் சபைகளில் பெரும்பாலும் குறை சொன்னவரைத்தான் எழுப்பி அனுப்புகிறோம்.

ஆதிச் சபையின் முதல் சண்டைகளில் ஒன்று பந்தி விசாரணையைப் பற்றியதுதான். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம்: தங்கள் விதவைகளுக்குத் தினப்படி பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்று கிரேக்க மொழிக்காரர்கள் முறுமுறுத்தார்கள். ‘பொறுத்துப் போங்கள்’ என்று அப்போஸ்தலர்கள் உபதேசிக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையிடம் சொல்லி, அவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைமடைக்காரன் கையில் மதகுச் சாவியைக் கொடுத்ததற்குச் சமம் அது. அவர்களை நியமித்ததைச் சொன்ன அடுத்த வசனமே சீஷர்களின் தொகை பெருகியது என்கிறது.

உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தரங்கம்பாடியையே பாருங்கள். 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவை 1708-இல் சிறையில் தள்ளியது டேனிஷ் கோட்டையின் தளபதி. இவரும் கிறிஸ்தவர், அவரும் கிறிஸ்தவர். ஏறக்குறைய நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து, தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-இல் முடித்தார். 1715-இல் அது அச்சாகி வந்தது. பின்னாளில் அவருடைய ஊழிய முறையையே தவறென்று கண்டித்து, கோபன்ஹேகனில் இருந்த மிஷன் தலைமையிடமிருந்து கடிதங்கள் வந்தன. 1719-இல் அவர் இறந்தபோது அந்த மனத்தாங்கல் தீர்ந்திருக்கவில்லை. எல்லாக் காயமும் ஆறிவிடும் என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. ஆறாத காயத்தோடும் வேலை நடந்தது என்பது மட்டும் உறுதி.

ஆறியதையும் ஓரிடத்தில் பார்த்திருக்கிறேன். இதே போலப் பிளந்து கிடந்த ஒரு சபையில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கைப் பொருள்களின் ஏலம். ஒரு பூசணிக்காய்க்கு இரு கட்சியும் வீம்புக்கு விலை ஏற்றின; ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. போதகர் தலையைக் குனிந்துகொண்டார், ஏலம் விட்டவருக்கோ வாயெல்லாம் பல். எடுத்தவருக்கு அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், சமையல்காரரிடம் தள்ளிவிட்டார். மதியம் எல்லார் இலையிலும் பூசணிக்காய்க் கூட்டு. அதனால் யாரும் கட்டிப்பிடித்து அழுதுவிடவில்லை. அந்த ஏலக் கணக்கு மறுவாரம் காசு பாக்கியில்லாமல் கோவில் கதவில் ஒட்டப்பட்டது. அதற்கு முன் அப்படி ஒட்டும் வழக்கமே அங்கே இல்லை. அதன்பின் பழைய கணக்குகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, பேச்சும் வந்தது.

ஆகவே, இரு தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேரும், வேறு சேகரத்துச் சபையிலிருந்து ஒருவரும் உட்கார்ந்து ரசீதுகளைப் பார்க்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள். சிமென்ட், ஓடு, கூலி என்று எல்லாம் சரியாக இருந்தால் அதைச் சபையில் முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள். சித்தப்பாவிடம் இப்போதைக்குக் கூரையைப் பற்றி வாய் திறக்காதீர்கள். சம்பா எப்படி விளைந்தது என்று கேளுங்கள். பதில் வராமல் போகலாம், அடுத்த வாரமும் கேளுங்கள்.

வேறு சபைக்குப் போவது பாவமில்லை. மூச்சு முட்டினால் சில வாரம் பக்கத்து ஊர் ஆராதனைக்குப் போய் வாருங்கள். பெயரை மட்டும் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எடுத்துவிட்டால் கூட்டத்தில் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்காது.