ஜாரோட ஜெனரல் ரெண்டு பேர்

கேள்வி: ஐயா, 1917ல ரஷ்யாவுல ஜார் ஆட்சி கவிழ்ந்ததும் அவர்கிட்ட ஜெனரலா இருந்தவங்களே பிரிஞ்சு போன நாடுகளுக்கு தலைவரா ஆனாங்களாமே, நேத்து வரைக்கும் ராஜாவுக்கு சல்யூட் அடிச்சவர ஜனங்க எப்படி நம்புனாங்க?
- வாசகர், பெகு

பதில்: நம்பவே இல்ல தம்பி, வேற ஆள் இல்ல, அவ்வளவுதான். ஃபின்லாந்துக்குன்னு இருந்த படைய ஜார் அரசாங்கம் எப்பவோ கலைச்சிருச்சு, அதனால 1918ல உள்நாட்டுச் சண்டை வந்தப்ப படை நடத்தத் தெரிஞ்ச ஆளத் தேடிப்போயி மன்னர்ஹெய்ம புடிச்சாங்க. அவரு வீட்டுல பேசுறது ஸ்வீடிஷ், ஃபின்னிஷ் அப்ப சரியா வராது, ஜார்கிட்ட முப்பது வருஷம் சர்வீஸ் வேற! சண்டைல ஜெயிச்சுக் குடுத்தாரு. ஆனா 1919ல ஜனாதிபதி யாருன்னு பார்லிமெண்ட்ல ஓட்டு போட்டப்ப 143க்கு 50னு தோத்துட்டாரு. படை பலத்த வச்சு நாற்காலிய புடிக்காம பேசாம ஒதுங்கிப் போனாரு பாருங்க, என் கணக்குல அதுதான் அவர காப்பாத்துச்சு, 1939ல சோவியத் படை வந்தப்ப திரும்ப அவரதான் தளபதியா போட்டாங்க, 1944ல ஜனாதிபதியாவும் ஆனாரு.

இன்னொருத்தர் ஸ்கோரோபாட்ஸ்கி. ஒரு காலத்துல ரெண்டு பேரும் ஜாரோட ஒரே குதிரைப்படை ரெஜிமெண்ட்ல இருந்தவங்க. இவரு 1918 ஏப்ரல்ல ஜெர்மன்காரன் தயவுல உக்ரைனுக்கு ஹெட்மன், அதாவது நாட்டுத் தலைவர் ஆனாரு, நிலத்த பழைய ஜமீன்தாருங்களுக்கே திருப்பி விட்டாரு, விவசாயிக்கு வயிறு எரியாம என்ன செய்யும்? சும்மா சொல்லக்கூடாது, உக்ரைன் அறிவியல் அகாடமி அவரு காலத்துலதான் வந்துச்சு. ஆனா ஜெர்மனி போர்ல தோத்ததும் பயந்துபோயி நவம்பர் 14ல மறுபடி ரஷ்யாவோட சேர்ந்துக்கலாம்னு அறிக்கை விட்டாரு, உக்ரைன் தனி நாடாவே இருக்கணும்னு நின்ன பெட்லியூராவோட ஆளுங்க எதிர்த்துக் கிளம்பிட்டாங்க, சரியா ஒரே மாசம், டிசம்பர் 14ல பதவிய விட்டுட்டு ஜெர்மனிக்கு ஓட்டம்.

அதுக்காக விசுவாசமா இருந்தா போதும்னும் நினைச்சுக்காதீங்க. நம்ம பர்மாவுல ஸ்மித் டன் இல்லையா, வெள்ளைக்காரன் படைல ஆபீசரா இருந்தவரு, கரேன்ங்கிற சிறுபான்மை இனத்துக்காரர், 1948ல சுதந்திர பர்மாவோட தளபதி. கரேன் கலகம் வந்தப்ப அவரு அதுல சேரல, அரசாங்கம் பக்கம்தான் நின்னாரு, அப்படியும் 1949ல அவர ஓரங்கட்டிட்டு நே வின்ன உக்கார வச்சாங்க.