டிராக்குக்கு ஏற்ற பழைய கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயம்தான். மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் பணம் கட்டிச் சொந்தக் காரை ஓட்டிப் பழகும் நாளுக்கு, அதாவது டிராக் டேக்குக் கொண்டுபோக, கைக்கு அடக்கமான விலையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும். பட்ஜெட்டும் எழுதாமல், என்ன லைசென்ஸ் என்றும் சொல்லாமல், "நல்ல காரா ஒண்ணு சொல்லுங்க" என்று ஒற்றை வரி அனுப்பியவர்கள் மன்னிக்கவும். எனக்கு ஜோசியம் தெரியாது.

அண்ணே, கையில 60,000 வெள்ளி இருக்கு. சிஓஇ புதுப்பிச்ச வண்டிகள்ல எது ரொம்ப வேகம்? (ஈசூன்)

சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமச் சான்றிதழ், எத்தனை வருடம் மிச்சமுள்ள வண்டி என்று எழுதவில்லையே தம்பி. 60,000 வெள்ளிக்கு மூன்று வருடம் மிச்சமுள்ள வண்டியும் விற்கிறார்கள், ஆறு வருடம் மிச்சமுள்ளதும் விற்கிறார்கள். இரண்டும் ஒரே விலை ஆகாது. விலையை மிச்ச மாதங்களால் வகுத்துவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

அப்புறம், 60,000 இருந்தால் 50,000 வெள்ளிக்குத்தான் கார் தேட வேண்டும். மிச்சம் டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், முதல் சர்வீஸ், ஒரு ஹெல்மெட் என்று போய்விடும். 50,000 வெள்ளியில் முதல் டிராக் கார் என்றால் நான் சொல்வது மேனுவல் சுசூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.6 லிட்டர், டர்போ இல்லாத பழைய மாடல். ஏறக்குறைய 125 குதிரைத்திறன்தான். நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு டன்னைச் சற்றே தாண்டும் எடை என்பதால் டயரையும் பிரேக்கையும் மெதுவாகத்தான் தின்னும். நேர்பாதையில் எல்லாரும் உங்களை முந்துவார்கள். வளைவில் நீங்கள் என்ன தப்பு செய்கிறீர்கள் என்பதை அந்த வண்டி பொறுமையாகக் காட்டிக் கொடுக்கும். எதற்காகப் பணம் கட்டி டிராக்குக்குப் போகிறீர்கள்?

இரண்டு இருக்கை போதும் என்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5, 2005-க்குப் பிறகு வந்த 2 லிட்டர். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். திறந்த கூரை வண்டியை, கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் இல்லாமல் உள்ளே விடாத ஏற்பாட்டாளர்களும் உண்டு. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் 3ஏ லைசென்ஸ். மேனுவல் கார் வாங்கி டிராக்கில் மட்டும் ஓட்டலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

3ஏ என்றால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். செப்பாங்வரை அதை யார் ஓட்டிக்கொண்டு போவது? மேனுவலுக்கான கிளாஸ் 3 எடுத்துவிட்டு எழுதுங்கள்.

டொயோட்டா 86, 2013 பதிவு, சிஓஇ புதுப்பித்தது. விற்பவர் "டிராக்குக்கே போனதில்லை" என்கிறார். எதைப் பார்த்து நம்புவது? (பொங்கோல்)

வாயை நம்பாதீர்கள், வண்டியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். சக்கர வளைவுகளின் உள்மடிப்பில் சரளைத் தூள் இருக்கிறதா, பிரேக் டிஸ்க்கின் விளிம்பு நீலம் பாய்ந்திருக்கிறதா, பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ரப்பர் உறைகள் வெந்துபோய் வெடித்திருக்கின்றனவா, முன் பம்பரில் இழுவைக் கொக்கி மாட்டும் மூடியைச் சுற்றிக் கீறல் உண்டா என்று பாருங்கள். டயர் தேய்மானம் வெளித்தோளில் மட்டும் அதிகமாக இருந்தால் வளைவுகளில் நன்றாக வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

டிராக்குக்குப் போன வண்டி கெட்ட வண்டி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றி, ரசீதுகளை ஒரு கோப்பில் வைத்திருக்கிற ஆளின் டிராக் வண்டியை, "அலுவலகத்துக்கு மட்டும்தான்" ஓட்டப்பட்டு ஆயிலே பார்க்காத வண்டியைவிட மேலாக நினைப்பேன். போனதை மறைப்பவரிடம்தான் எனக்குச் சந்தேகம்.

86-க்கென்று சில தனி விஷயங்கள். தொடக்க ஆண்டு வண்டிகளுக்கு 2018-இல் வால்வு ஸ்பிரிங் ரீகால் வந்தது, அதாவது அதை மாற்றித் தரத் தயாரிப்பாளரே வண்டிகளைத் திரும்ப அழைத்தார். உங்கள் சேஸி எண்ணுக்கு அது உண்டா, செய்திருக்கிறார்களா, யார் செய்தார்கள் என்று கேளுங்கள். இன்ஜினைப் பிரித்துச் செய்யும் வேலை அது. சீலன்ட்டை அள்ளிப் பூசி மூடியதால், பிறகு இன்ஜின் போன கதைகள் வெளிநாடுகளில் உண்டு. குளிர்ந்த நிலையில் முதலிலிருந்து இரண்டாவது கியருக்கு வேகமாகப் போடுங்கள். கரகரவென்றால் கியர் சுலபமாக விழ உதவும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஆயில் கூலர் இல்லாமல் நாலைந்து சுற்று விரட்டினால் ஆயில் 120 டிகிரியைத் தாண்டும். கூலர் போட்ட வண்டி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். கடைசியில் விக்காம் போன்ற ஒரு சோதனை மையத்தில் வாங்குமுன் பரிசோதனை. சில நூறு வெள்ளியை இதில் மிச்சம் பிடிக்க நினைப்பவரை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 அடிமாட்டு விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (செங்காங்)

ஏன் அந்த விலைக்கு வருகிறது என்று விற்பவரைக் கேட்டீர்களா? அதில் இருப்பது பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் வைத்த ரோட்டரி இன்ஜின். அதற்கான கருவியோடு, உள்ளே அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும், சாதாரண மீட்டர் வேலைக்கு ஆகாது. நன்றாகச் சூடான இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். திணறினால் ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் கதை முடிந்தது. ஓட்ட அருமையான வண்டிதான். பக்கத்தில் ரோட்டரி தெரிந்த மெக்கானிக் இல்லாதவருக்கு இல்லை.

டிராக்கில் லேசாக இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளுமா? இல்லாவிட்டால் ஹைவேயில் நடந்தது என்று சொல்லிச் சமாளிக்கலாமா? (தெம்பனிஸ்)

முதல் கேள்விக்குப் பதில்: பார்த்துக்கொள்ளாது. பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் பகுதியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை என்று அங்கே இருக்கும். "நான் பந்தயமா ஓட்டினேன், சும்மா பழகத்தானே போனேன்" என்று வாதாடிப் பார்க்கலாம். வாதாட மட்டும்தான் முடியும்.

இரண்டாவது கேள்வியைக் கடிதத்தில் எழுதி, கீழே சொந்தப் பெயரையும் போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் மோசடி. மலேசியாவில் விபத்து என்றால் அந்த ஊர்ப் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். ஆக அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். உங்கள் வண்டியில் டிராக்குக்கான செமி-ஸ்லிக் டயர், கதவில் எண் ஸ்டிக்கர், அன்று டிராக்கில் இருந்த இருபது பேரின் கைப்பேசியிலும் நீங்கள் சுழன்று போகும் வீடியோ. மதிப்பீட்டாளர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாரா? இப்படிச் சிலர் செய்வதால்தான் மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே காப்பீட்டுக் கம்பெனிகள் முகத்தைச் சுளிக்கின்றன. ஒழுங்காக ஓட்டுகிறவனும் சேர்ந்து பிரீமியம் கட்டுகிறான். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

சரி, நேர்மையான வழியைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் கார் விலை என்பது இரண்டு விலை: காகிதம், இரும்பு. ஒருவர் 90,000 வெள்ளி கட்டிப் பத்து வருடத்துக்குச் சிஓஇ புதுப்பித்தார் என்று வையுங்கள். ஐந்து வருடம் மிச்சம். வண்டி 65,000 வெள்ளிக்கு வருகிறது. இன்றைக்குப் பதிவை நீக்கினால் மிச்ச மாதங்களின் கணக்கில் 45,000 வெள்ளி திரும்பி வரும். அது காகித விலை. மீதி 20,000தான் இரும்பு. சுவரில் மோதி வண்டி சின்னாபின்னமானாலும், கொண்டுவந்து முறைப்படி பதிவு நீக்கினால் காகிதப் பணம் உங்களுக்குத்தான். நீங்கள் உண்மையில் டிராக்கில் பணயம் வைப்பது அந்த 20,000, கூடவே செப்பாங்கிலிருந்து 300 கிலோமீட்டர் இழுவை வண்டிச் செலவு, தடுப்புச் சுவரைச் சேதப்படுத்தினால் அதற்கான பில்.

ஆகவே காரைப் பார்க்கப் போகும்போது மாதத் தவணை எவ்வளவு என்று கேட்காதீர்கள். விளம்பரத்தில் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். சிஓஇ-க்கு எவ்வளவு கட்டப்பட்டது, எந்தத் தேதிவரை, இன்று பதிவு நீக்கினால் என்ன வரும் என்று கேளுங்கள். பத்து வயதுக்குட்பட்ட வண்டியானால், பதிவு நீக்கும்போது பதிவு வரியில் ஒரு பங்காகத் திரும்பி வரும் பார்ஃப் தொகையையும் காகிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுப்பித்த வண்டிக்குப் பார்ஃப் கிடையாது. ஒரு விஷயம்: கடன் இருந்தால் திரும்பி வரும் காகிதப் பணத்தில் முதலில் கைவைப்பது வங்கி. ஏழு வருடத் தவணையில் வாங்கி இரண்டாம் மாதமே உடைத்தவர், இல்லாத காருக்கு இன்னும் தவணை கட்டுவார். இரும்பு விலையை ரொக்கமாக இழக்கத் தாங்காதவர் அந்த வண்டியை டிராக்கில் இறக்கவே கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி திரும்ப வருகிறது, நானும் திரும்ப எழுதுகிறேன்.

ஐந்து வருடச் சிஓஇ வண்டியா, பத்து வருடமா? (சுவா சூ காங்)

ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த வண்டியை மறுபடி புதுப்பிக்க முடியாது. முடிந்ததும் ஸ்கிராப், அல்லது ஏற்றுமதி. இரண்டு மூன்று வருடம் ஓட்டிக் கற்றுக்கொண்டு கழற்றிவிடும் எண்ணமென்றால் அது நல்லதுதான், இரும்பு விலை மலிவாக இருக்கும். பத்து வயது தாண்டினால் சாலை வரி வருடத்துக்கு 10 விழுக்காடாக ஏறி 50 விழுக்காடு கூடுதலில் போய் நிற்கும். 2 லிட்டருக்கு 1,200 வெள்ளிச் சொச்சமாக இருந்தது 1,800 ஆகும். சோதனையும் ஆண்டுதோறும்.

கோல்ஃப் ஜிடிஐ வைத்திருக்கிறேன். ஸ்டேஜ் 2 ட்யூன் போட 5,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். போன முறை செப்பாங்கில் மூன்றாவது சுற்றிலேயே பிரேக் பெடல் தரைவரை போனது. அது ஏன்? (உட்லண்ட்ஸ்)

பெடல் தரையைத் தொட்ட வண்டிக்கு இன்னும் வேகம் சேர்க்கக் காசு ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியாவது தாங்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு அதே ஆயிலுக்கு உத்தரவாதம் 155 டிகிரிதான். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? செப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்பாதைகள் அடுத்தடுத்து வருகின்றன, இரண்டின் முடிவிலும் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். கடைசி வளைவில் மிதித்து, நேர்பாதை ஓடி, முதல் வளைவில் மறுபடி மிதிக்கிறீர்கள். இடையில் ஆறுவதற்கு நேரம் போதாது, அதுவும் 1,300 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு. 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேசிங் ஆயில், டிராக் பேட், நல்ல டயர். உங்கள் 5,000 வெள்ளியில் பாதிகூட ஆகாது. மிச்சத்தில் ஒரு நாள் பயிற்றுநரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ட்யூன் பேச்சை அடுத்த வருடம் பார்ப்போம். வாகனத்தில் சட்டவிரோத மாற்றம் என்றால் அபராதம் உண்டு, நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏ-வின் அனுமதி இல்லாத எக்ஸாஸ்ட்டும் அதில் அடக்கம் என்பதையும் ட்யூன் போட்டுத் தருபவர் சொல்லியிருக்க மாட்டார்.

வார நாளில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். வீட்டில் ஒரு கார்தான். (பிடோக்)

நான்கு கதவு வேண்டுமென்றால் ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்டி2 மாடல். 225 குதிரைத்திறன், 8,000 சுற்றுவரை பாடும் இன்ஜின், டிராக்கில் அதை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. ஆனால் சஸ்பென்ஷன் கல். பிள்ளைகள் காலையில் குடித்த மைலோ மடியில் வந்துவிடும். விலையும் இப்போது சேகரிப்பாளர் விலை, அதாவது இரும்புப் பங்கு பெரிது. மேலே தெம்பனிஸ்காரருக்குச் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரே கார்தான் என்கிற குடும்பத்துக்கு ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டே போதும் என்பேன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போக வேண்டிய வண்டியை ஞாயிறு அன்று எவ்வளவு விரட்டலாம் என்று உங்களுக்கே தெரியும்.

மலேசியக் கார் ஒன்றை ஜோகூரில் நிறுத்திவைத்து டிராக்குக்கு மட்டும் ஓட்டினால்? (மார்சிலிங்)

நல்ல யோசனைதான், பலர் செய்கிறார்கள். பழைய மைவியும் சாட்ரியா நியோவும் செப்பாங்கில் பந்தயமே ஓடுகின்றன. இரும்பு மட்டும்தான், காகிதம் கிடையாது. ஆனால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அதைப் பாலம் தாண்டி இங்கே ஓட்டி வரவே கூடாது, அரை நாளுக்குக்கூட. நிறுத்துமிடம், பார்த்துக்கொள்ள ஒரு நம்பிக்கையான பட்டறை, இரண்டும் அமைந்தால் இறங்குங்கள். வாரக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டி என்பதால், போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.

பெட்ரோலை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்தானே? டேங்க் காலியாக இருந்தால் வண்டி லேசாக இருக்கும். (அட்மிரல்டி)

முக்கால் டேங்க் இல்லாமல் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்டப் போனால் 500 வெள்ளிவரை அபராதம். அங்கே போனபின் ரான் 97 பெட்ரோல் போடுங்கள், 95 நம் வண்டிகளுக்குக் கிடையாது. மலேசியாவுக்குள் நுழையும் வெளிநாட்டு வண்டிக்கான அனுமதி, விஇபி டேக், ஒட்டியாயிற்றா? 2025 ஜூலையிலிருந்து இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் தீட்டுகிறார்கள்.