ஞானப்பல் எடுக்கும் ஊசியில் ஸ்டீராய்டு எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. கீழ்த்தாடையில் ஞானப்பல் படுத்தவாக்கில் முளைத்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு நிற்கிறது. சின்ன ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டுமாம். மரத்துப்போகும் ஊசியிலேயே ஸ்டீராய்டும் கலந்து போடப்போவதாக டாக்டர் சொன்னார். ஸ்டீராய்டு என்றால் முகம் ஊதிவிடும், எலும்பு தேய்ந்துவிடும் என்று என் அக்கா பயப்படுகிறார். சம்மதிக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மகளுக்கு வேறு நோய் எதுவும் இல்லையென்றால் தாராளமாகச் சம்மதிக்கலாம் அம்மா. உங்கள் அக்காவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு முகம் வீங்கியவர்களை, எலும்பு பலவீனமானவர்களை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதெல்லாம் நாள்பட்ட உபயோகத்தால் வருவது. உங்கள் மகளுக்குப் போடப்போவது ஒரே ஒரு வேளை மருந்து. அதனால் எலும்பு தேயாது.

இதற்கு வழக்கமாகப் பயன்படுவது டெக்ஸாமெத்தசோன். மரப்புக்கு நாங்கள் போடும் லிக்னோகெயின் 2 மில்லி அளவுக்கு எடுத்து, அதோடு 4 மில்லிகிராம் டெக்ஸாவை, அதாவது 1 மில்லியை, அதே சிரிஞ்சில் சேர்த்துக்கொள்வோம். நம் நாட்டுப் பல் மருத்துவர்கள் இதை ‘ட்வின் மிக்ஸ்’ என்ற பெயரில் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

படுத்திருக்கும் ஞானப்பல்லை எடுக்க ஈறைக் கீறி, சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் அரைத்தெடுத்து, பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்ட வேண்டியிருக்கும். அவ்வளவு காயத்துக்கு உடம்பு வீக்கத்தால்தான் பதில் சொல்லும். அந்த வீக்கம் அன்றைக்கே உச்சத்துக்குப் போகாது. இரண்டாம் நாள், சிலருக்கு மூன்றாம் நாள்தான் கன்னம் நன்றாக உப்பும், வாய் திறக்கவே கஷ்டமாகும். டெக்ஸாவின் வேலை உடம்பில் 36 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். வீக்கம் ஏறும் நேரம் முழுவதும் மருந்து கூடவே இருக்கிறது என்பதால்தான் எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. இட்லியை விண்டு வாயில் வைக்க முடியாமல் கண்கலங்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு, விரல் அகலம் கூடுதலாக வாய் திறப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. லிக்னோகெயினில் சேர்த்திருக்கும் அட்ரினலின் கெடாமல் இருக்க, அந்த மருந்தை அமிலத்தன்மையோடுதான் தயாரிக்கிறார்கள். ஊசி ஏறும்போது எரிவதற்கு அது ஒரு காரணம். டெக்ஸா சேர்ந்தால் அமிலம் தணிகிறது, எரிச்சல் குறைகிறது, மரப்பும் சற்றுச் சீக்கிரம் பிடிக்கிறது. ஆனால் உதடு வழக்கத்தைவிட அதிக நேரம் மரத்திருக்கும். உணர்ச்சி திரும்பும்வரை சூடான காபி வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலி அறவே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீக்கத்துக்கும் தாடை இறுக்கத்துக்கும் இது நன்றாகக் கேட்கும். வலி ஓரளவு குறையும், அவ்வளவுதான். டாக்டர் எழுதித்தரும் வலி மாத்திரையை விடக்கூடாது. மேல்தாடையில் நேராக முளைத்து எளிதாக வந்துவிடும் ஞானப்பல்லுக்கு நான் ஸ்டீராய்டு சேர்ப்பதில்லை. தேவையில்லாத இடத்தில் மருந்து எதற்கு?

உங்கள் டாக்டர் இதை முன்கூட்டியே சொன்னாரே, அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். ஊசியில் என்ன கலக்கிறோம் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: எனக்கு 52 வயது, பத்து வருடமாகச் சுகர். எனக்கும் இந்த ஊசி போடலாமா?
– வாசகர், தேனி

பதில்: சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. டெக்ஸா ஒரு வேளை போட்டாலும் இரத்தச் சர்க்கரை ஓரிரு நாளுக்கு ஏறும். உங்கள் மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் பல் டாக்டரிடம் காட்டுங்கள். கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஸ்டீராய்டு இல்லாமலே பல்லை எடுக்கலாம். வீக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஐஸ் ஒத்தடம் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம். கட்டுப்பாட்டில் இருந்து, டாக்டரும் போடலாம் என்றால், அடுத்த இரண்டு நாள் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம், சுகர் டாக்டரைக் கேளுங்கள்.

வயிற்றுப்புண், காசநோய் இருப்பவர்களும், கர்ப்பிணிகளும் இதே மாதிரி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்துக் காய்ச்சல் இருந்தால் அதை முதலில் அடக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கேள்வி: பல் எடுத்து நான்கு நாளாகிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டும் வீக்கம் கூடிக்கொண்டே போகிறது. காத்திருக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: காத்திருக்காதீர்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் வடியத்தான் வேண்டும். ஏறினால் கிருமித்தொற்றாக இருக்கலாம். இன்றைக்கே பல் எடுத்த டாக்டரிடம் போங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் கிளினிக் திறக்கும்வரை பொறுக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.