கேமரா கேள்வி நேரம்: கை நின்றது, மகள் நிற்கவில்லை

கேள்வி: அக்கா, என் மகள் பரதநாட்டியம் கற்கிறாள். சமூக மன்றத்தில் அவள் ஆடிய நிகழ்ச்சிக்காகவே புதுக் கேமரா வாங்கினேன். கை நடுக்கத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் ஏழு ஸ்டாப் வரை வேலை செய்யும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதை நம்பி, 85 மி.மீ. லென்ஸில் ஷட்டர் வேகத்தை 1/15 நொடி என வைத்து எடுத்தேன். பின்னால் இருந்த நடராசர் சிலையும் குத்துவிளக்கும் துல்லியமாக விழுந்திருக்கின்றன. மகள் மட்டும் கலங்கிப்போயிருக்கிறாள். கேமரா பழுதா? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- ஈசூன் வாசகர்

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள். கேமரா தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. நடராசரே அதற்குச் சாட்சி. அந்த வசதி இல்லாத கேமராவில் 85 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து 1/15இல் எடுத்திருந்தால், சிலையும் விளக்கும் உங்கள் மகளோடு சேர்ந்து கலங்கியிருக்கும்.

கேமராவுக்குள் அல்லது லென்ஸுக்குள் இருக்கும் கைரோ சென்சார், உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நொடிக்குப் பலநூறு முறை பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஏற்ப லென்ஸின் ஒரு கண்ணாடித் தொகுதியோ, படம் விழும் சென்சார் தகடோ எதிர்ப்பக்கம் நகர்ந்து ஆட்டத்தை ஈடுகட்டுகிறது. இதில் மேடைக்கு எந்தப் பங்கும் கிடையாது. நீங்கள் ஆடுவது அதற்குத் தெரியும்; உங்கள் மகள் ஆடுவது தெரியாது.

இப்போது அந்த ஏழு ஸ்டாப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இரட்டிப்பாகும். கையில் பிடித்து எடுக்கும்போது லென்ஸின் மி.மீ. எண்ணே ஏறத்தாழ ஷட்டர் வேகத்தின் கீழ் எண்ணாக இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு; 85 மி.மீ. லென்ஸுக்கு அதன்படி 1/80 வேண்டும். அதை ஏழு முறை இரட்டித்தால் 1/40, 1/20, 1/10 என்று போய், கடைசியில் ஏறத்தாழ ஒன்றரை நொடியில் நிற்கும். ஒன்றரை நொடியில் உங்கள் மகள் அரைமண்டியிலிருந்து எழுந்து ஒரு சுற்றே சுற்றிவிடுவாள்! பெட்டியில் உள்ள அந்த எண், ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிப்பா வகுத்த முறைப்படி, கேமராவை அதிரும் சோதனை மேடையில் வைத்து அளப்பது. மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனாரை வைத்து யாரும் அளப்பதில்லை. திருமண மண்டபங்களில் வேலை செய்யும்போது ஏழில் மூன்று ஸ்டாப்பைத்தான் நான் நம்புகிறேன். கையை எங்காவது ஊன்ற இடம் கிடைத்தால் நான்கு.

ஷட்டர் வேகத்தை முடிவு செய்யும்போது எதிரே இருப்பவர் எவ்வளவு அசைகிறார் என்பதை முதலில் பாருங்கள். உங்கள் கையைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான். நடனத்தில் வேகமான ஜதிக்கு 1/500. அதற்குக் கீழே போனால் விரல்களும் சலங்கையும் கரைந்துவிடும். அபிநயத்துக்கு 1/200 அல்லது 1/250 போதும். ஜதியை முடித்துவைக்கும் தீர்மானம் முடிந்து அவள் ஒரு நிலையில் உறைந்து நிற்கும் அந்தக் கணத்துக்கு 1/125கூடத் தாங்கும். அந்தக் கணத்தைக் கண்ணால் தேடாதீர்கள். நட்டுவாங்கத்தைக் காதில் வாங்கிக்கொண்டே இருங்கள். தட்டுக்கழி எப்போது ஓயும் என்பது வீட்டில் அவள் பயிற்சி செய்வதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். வெளியிலிருந்து வரும் எந்தப் புகைப்படக்காரருக்கும் இல்லாத வசதி அது.

1/15இலிருந்து 1/500க்குப் போனால் ஐந்து ஸ்டாப் வெளிச்சம் குறையும், அதாவது ஐந்து முறை பாதியாகும். கேமராவின் ஒளி உணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ முன்பு 200 இருந்திருந்தால் இப்போது 6400 ஆகும். ஆகட்டும். ஐஎஸ்ஓ 6400 என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் நம் ஆட்களிடம் ஒரு வியாதியாகவே இருக்கிறது. கொஞ்சம் மணல் தூவியதுபோன்ற படத்தில் மகளின் கண் தெளிவாக இருந்தால், அதைச் சட்டம் போட்டு மாட்டலாம். மழமழவென்று சுத்தமாக இருந்தும் கலங்கிய படத்தை எங்கே மாட்டுவது? கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டரையும், லென்ஸின் திறப்பளவான அப்பர்ச்சரையும் நீங்கள் முடிவு செய்துகொண்டு, ஐஎஸ்ஓவைத் தானியக்கமாக விட்டுவிடுங்கள்.

இனிமேல் ஒரு படம் கலங்கினால் உடனே அழிக்காதீர்கள். பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது உங்கள் கை. ஆள் மட்டும் கலங்கி, பின்னணி தெளிவாக இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஆள் மங்கலாக, அவருக்குப் பின்னாலோ முன்னாலோ வேறு ஏதோ கூர்மையாக இருந்து, எதிலும் இழுப்பே தெரியவில்லை என்றால் ஃபோகஸ் தவறிய இடம் அது. ஷட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: எனக்கு வயது 71. கையில் லேசான நடுக்கம் உண்டு. பிலிம் காலத்தில் 50 மி.மீ. லென்ஸுக்கு 1/60, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/250 என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தவன். பூமலையில் (சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில்) ஆர்க்கிட் மலர்களை எடுப்பது இப்போதைய பொழுதுபோக்கு. ஸ்டெபிலைசர் வந்த பிறகு அந்தப் பழைய கணக்கைத் தூக்கி எறிந்துவிடலாமா?
- தோ பாயோ வாசகர்

பதில்: எறிய வேண்டாம் ஐயா. ஸ்டெபிலைசர் எத்தனை ஸ்டாப் மிச்சம் பிடித்துத் தருகிறது என்று எண்ணத் தொடங்குவதே அந்தக் கணக்கிலிருந்துதான். இரண்டு திருத்தங்கள் மட்டும் செய்துகொள்ளுங்கள். அந்தக் கணக்கு 35 மி.மீ. பிலிமுக்கானது. உங்கள் கேமராவின் சென்சார் அந்த பிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவு என்றால் லென்ஸின் எண்ணை ஒன்றரையால் பெருக்குங்கள். கேனன் என்றால் 1.6. இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் இரண்டால் பெருக்குங்கள். அதன்படி 200 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராவில் 1/300 கேட்கும். இரண்டாவது திருத்தம், அன்று நாம் பார்த்தவை பெரும்பாலும் சிறிய பிரதிகள். இன்று கணினித் திரையில் ஒரு மகரந்தத்தைக்கூட முழுத் திரைக்கு இழுத்துப் பார்க்கிறோம். சின்ன நடுக்கமும் வெளியே தெரிந்துவிடுகிறது.

1995இல் கேனன், எஸ்எல்ஆர் கேமராவுக்கான 75-300 மி.மீ. லென்ஸில் இந்த வசதியை முதன்முதலாக வைத்தபோது இரண்டு ஸ்டாப் அளவுக்குத்தான் பலன் கிடைத்தது. 2003இல் மினோல்டா, சென்சாரையே நகர்த்தும் கேமராவைக் கொண்டுவந்தது. இன்றைய கேமராக்கள் அவற்றைவிட எவ்வளவோ முன்னேறிவிட்டன. உங்கள் கைக்கு எத்தனை ஸ்டாப் என்பதை மட்டும் வீட்டிலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

தினமும் கிழிக்கும் தமிழ் நாள்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள். ராகுகாலம், எமகண்டம் என்று பொடி எழுத்தில் இருக்குமே, அதுதான் சோதனைப் பொருள். வழக்கமாகப் பயன்படுத்தும் லென்ஸைப் போட்டு, 1/125இல் பத்துப் படம், 1/60இல் பத்து, 1/30இல் பத்து, 1/15இல் பத்து என எடுத்துக்கொண்டே போங்கள். பத்தில் எட்டுப் படங்களிலாவது எமகண்டத்தை வாசிக்க முடிகிற வேகம் எதுவோ, அதுவே உங்கள் எல்லை. அடுத்த நாள் மாலை நடைப்பயிற்சி முடித்துவந்த கையோடு அதையே இன்னொரு முறை செய்யுங்கள். எல்லை ஒரு ஸ்டாப் சுருங்கியிருந்தால் வியப்படையாதீர்கள். வெளியே போகும்போது நம்ப வேண்டியது அந்த மாலை நேரத்து எண்ணைத்தான். (படம் எடுப்பதற்கு முன் பாலில்லாத கோப்பி-ஓ குடிக்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். நான் குடிக்கிறேன், அதற்குமேல் சொல்ல மாட்டேன்.)

பொத்தானைப் பாதி அழுத்தியதும், கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் காட்சி மெல்ல அமைதியாவதைப் பார்க்கலாம். அதுவரை பொறுத்து முழுதாக அழுத்துங்கள். தொடர்ச்சியாக மூன்று நான்கு படம் எடுங்கள். முதல் படத்தை விரல் அழுத்திய அதிர்ச்சி கெடுக்கும். இடையில் உள்ளவை பெரும்பாலும் நன்றாக வரும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கேமராவைப் புருவத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். கையை முழம் நீளத்துக்கு நீட்டிப் பின்திரையைப் பார்த்து எடுக்கும் பழக்கம் இளைஞர்களுக்கே ஆகாது.

ஆர்க்கிட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மிக நெருங்கி எடுக்கும்போது ஸ்டெபிலைசரின் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். தூரத்துக் காட்சியில் கேமரா சாய்வதுதான் படத்தைக் கெடுக்கிறது. நெருக்கத்தில் உடம்பு முன்னும் பின்னும் இடமும் வலமும் நகர்வதும் சேர்ந்துகொள்கிறது. முன்பின் அசைவில் ஃபோகஸே நழுவிவிடும். அதை எந்த ஸ்டெபிலைசரும் பிடித்து நிறுத்தாது. காற்று வேறு காம்பை ஆட்டும். பூமலையில் 1/250க்குக் கீழே இறங்காதீர்கள் ஐயா.

கேள்வி: என் தம்பி திருமணத்தில் நான் எடுத்த படங்களில் குறுக்கே வெளிச்சமும் இருளுமாகப் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறது. கண்ணுக்கு மண்டபம் சாதாரணமாகத்தான் தெரிந்தது. ஷட்டர் 1/400. சத்தம் வரக்கூடாது என்று மின்னணு ஷட்டரைப் போட்டிருந்தேன்.
- தெம்பனிஸ் வாசகி

பதில்: விளக்குகள் செய்த வேலை அம்மா. சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல குழல் விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைகின்றன. மின்னணு ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் கிடைத்த வெளிச்சம் வேறுவேறு. ஷட்டரை 1/100இல் வைத்தால் ஒரு முழுச் சுற்று ஒவ்வொரு வரிக்கும் கிடைத்துவிடும், பட்டை மறையும். 1/50இலும் அப்படியே. தாலி கட்டும் நேரத்தில் மணமக்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் 1/100 போதும். ஸ்டெபிலைசர் இங்கே நன்றாகக் கைகொடுக்கும். அட்சதை பறக்கும்போது அதற்குமேல் வேகம் வேண்டுமென்றால், சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு இயந்திர ஷட்டருக்கு மாறி, கேமராவில் விளக்கின் மினுக்கலைச் சமாளிக்கும் ஃப்ளிக்கர் தடுப்பு இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். நாதஸ்வரத்துக்கு நடுவே ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது?

கேள்வி: தைப்பூச இரவில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகளைப் பின்தொடர்ந்து எடுக்க ஆசை. எந்த வேகத்தில் எடுக்கலாம்?
- அங் மோ கியோ வாசகர்

பதில்: நடந்து வரும் காவடிக்கு 1/250. ஆடும் காவடிக்கு 1/500. இது பாதுகாப்பான பதில். நாளிதழுக்கு அனுப்ப வேண்டுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. 24 அல்லது 35 மி.மீ. லென்ஸைப் போட்டு, காவடி சுழலும்போது 1/15க்கு இறங்குங்கள். மயிலிறகு ஒரு வட்டமாக விரியும். சுற்றிப் பால்குடத்தோடு நிற்கும் பெண்களும் பின்னால் உள்ள கடைப்பலகைகளும் அப்படியே கூர்மையாக நிற்பார்கள். ஈசூன்காரரை ஏமாற்றிய அதே குணம் இங்கே உங்களுக்கு வேலை செய்கிறது. ஸ்டெபிலைசர் இல்லாமல் இதை எடுத்தால் கூட்டமும் சேர்ந்து குழம்பி, படத்தில் பற்றிக்கொள்ள ஒன்றுமே இருக்காது. எல்லாப் படமும் தேறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காவடி எடுப்பவரின் முகம் ஒரு கணம் நிலைத்து, இறகு மட்டும் சுழல வேண்டும். அது அமைவது அரிது. 1/30இல் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு 1/15க்குப் போங்கள்.

அலகு குத்தியவரின் வழியை மறித்துக்கொண்டு பின்னோக்கி நடக்காதீர்கள். அவருக்குத் துணையாக வரும் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். ஷட்டர் வேகத்தைவிட இதற்கே அதிகக் கடிதங்கள் வந்திருக்க வேண்டும், ஒன்றுகூட வரவில்லை.

கேள்வி: ஜூவல் சாங்கி அருவியைப் பட்டுத்துணிபோல எடுக்க முக்காலி கட்டாயமா?
- பொங்கோல் வாசகி

பதில்: தேவையில்லை. தண்ணீர் 40 மீட்டர் உயரத்திலிருந்து வேகமாக விழுவதால் 1/8 நொடியிலேயே அது இழையாகிவிடும். அகன்ற லென்ஸும் கைப்பிடிச் சுவரும் இருந்தால் 1/4கூட முடியும். கண்ணாடிக் கூரை வழியாகப் பகல் வெளிச்சம் கொட்டுவதால் மாலையில் போங்கள். அல்லது வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். நடப்பவர்கள் ஆவிபோலத் தெரிவார்கள். தோழியை நிறுத்தி எடுப்பதானால் 1/8 நொடிக்கு அவரை மூச்சுவிடாமல் நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். ஸ்டெபிலைசரை எப்போது அணைக்க வேண்டும்? காத்திப் பக்கம் மேம்பாலத் தண்டவாளத்தில் போகும் எம்ஆர்டி ரயிலை, பின்னணி கோடு கோடாக வரும்படி எடுக்க முயல்கிறேன்.

பதில்: தம்பி, ரயிலோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும்போது, சாதாரண முறையில் உள்ள ஸ்டெபிலைசர் அந்தத் திருப்பத்தையும் நடுக்கம் என்று எண்ணித் தடுக்கப் பார்க்கலாம். லென்ஸில் மோட் 2 இருந்தால் அதற்கு மாற்று. அப்போது அது மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் கவனிக்கும். புதிய கேமராக்கள் பல தாமாகவே புரிந்துகொள்கின்றன. 1/30இல் தொடங்கு. ரயில் வருவதற்கு முன்பே திரும்பத் தொடங்கி, அது கடந்த பிறகும் திருப்பத்தை நிறுத்தாதே. முக்காலியில் வைத்தால் அணைத்துவிடு. பழைய லென்ஸ்கள் சில, ஆட்டமே இல்லாத இடத்தில் தாமாக ஓர் ஆட்டத்தை உண்டாக்கிவிடும். பகலில் 1/1000இல் எடுக்கும்போது ஸ்டெபிலைசர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. நீண்ட லென்ஸ் என்றால் வ்யூஃபைண்டரில் காட்சி ஆடாமல் இருப்பதற்காக நான் போட்டே வைத்திருக்கிறேன். உன் லென்ஸ் எந்த வகை என்று நீ எழுதவில்லை. அடுத்த முறை அதையும் எழுது.