ஐந்து பேர் உள்ள வீட்டின் கழிவுநீரை மின்சாரம் இல்லாமல் செயற்கை ஈரநிலத்தில் சுத்திகரிக்க முடியுமா? எப்படி வடிவமைப்பது?

முடியும். செடி நட்ட ஜல்லிப் படுகைக்குள் கழிவுநீரைப் பக்கவாட்டில் மெல்ல ஓடவிட்டுச் சுத்தம் செய்வதுதான் இங்கே சொல்லும் செயற்கை ஈரநிலம். சரிவு கொஞ்சம் இருந்தால் மோட்டாரே தேவையில்லை. ஆனால் இதில் இறங்குகிற பலரும் முதலில் கேட்பது "என்ன செடி வைக்கலாம்?" என்றுதான். அதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீரோடு வரும் கசடை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதை.

ஜல்லிப் படுகைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அடைப்பால். கசடும் சமையலறை எண்ணெயும் நேராக உள்ளே போனால், நுழைவாய் பக்கத்து ஜல்லி முதலில் அடைபடும். தண்ணீர் மேலே ததும்பி நிற்கும். பிறகு நாற்றமும் கொசுவும்தான். அதனால் கையில் இருக்கும் பணத்தை இரண்டு அறை செப்டிக் டேங்கிலும், சமையலறைத் தண்ணீரின் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் டிராப்பிலும் தாராளமாகப் போடுங்கள். பிரான்சில் டேங்கே இல்லாமல், மூன்று படுகைகளை மாற்றி மாற்றி ஓய்வுக்கு விட்டு நடத்துகிறார்கள். அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் முறை தவறாமல் வால்வைத் திருப்ப ஆள் வேண்டும். ஒற்றை வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அளவு. ஒருவருக்கு நாளுக்கு 100 லிட்டர் தண்ணீர், 40 கிராம் பிஓடி (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) என்று வையுங்கள். அப்படியானால் லிட்டருக்கு 400 மில்லிகிராம். டேங்கில் 30 சதவீதம் குறைந்தால் 280. வெளியே வரும்போது 30 ஆக வேண்டும். பரப்பளவுக்கான சூத்திரம் எளிது: ஒரு நாள் தண்ணீரின் கன மீட்டர் அளவை, 280-ஐ 30 ஆல் வகுத்து வரும் எண்ணின் இயல் மடக்கையால் (2.23) பெருக்கி, 0.15 ஆல் வகுக்க வேண்டும். ஐந்து பேருக்கு 0.5 × 2.23 ÷ 0.15, அதாவது சுமார் 7.5 சதுர மீட்டர். அந்த 0.15, கழிவு சிதையும் வேகத்தைக் குறிக்கும் எண்; ஓரளவு வெப்பமான இடங்களுக்கானது. குளிர் நாடுகளில் தலைக்கு 5 சதுர மீட்டர் வரை ஒதுக்குகிறார்கள்.

இந்த 7.5-ஐ எந்த வடிவில் வெட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒடுக்கமாக, நீளமாக வெட்டினால் மொத்தக் கழிவும் சின்ன முகப்பில் மோதி அங்கேயே அடைக்கும். முகப்பின் குறுக்குவெட்டில் (அகலம் × நீர் ஆழம்) ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் பிஓடிக்குள் இருப்பது நல்லது. உங்கள் வீட்டுக்கு டேங்கிலிருந்து வருவது 140 கிராம். 1.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் நீர் ஆழம் வைத்தால் 187 கிராம் வருகிறது. ஜல்லியின் இடைவெளி 40 சதவீதம் என்றால் தண்ணீர் மூன்று நாள் உள்ளே தங்கும்.

நுழைவாயிலும் வெளிவாயிலும் அரை மீட்டர் தூரத்துக்கு 40 முதல் 80 மில்லிமீட்டர் பெரிய கல். நடுவில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஜல்லி. இந்த ஜல்லியைத் தெளிந்த தண்ணீர் வடியும்வரை கழுவாமல் கொட்டவே கொட்டாதீர்கள். கிரஷர் தூள் ஒன்றே படுகையை அடைக்கப் போதும். அடியில் கசியாத விரிப்பு, 1 சதவீதம் சரிவு. மேல்மட்டம் மட்டும் சமமாக இருக்க வேண்டும். வெளிவாயில் பைப்பின் முனையில் பசை போடாத எல்போ ஒன்றைப் பொருத்துங்கள். அதைச் சாய்த்தால் உள்ளே நீர்மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். நீர்மட்டம் ஜல்லிக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழேயே நிற்கட்டும். கொசு முட்டையிட இடம் இருக்காது.

இனி செடி. நாணல், சம்பு, கல்வாழை, எது கிடைத்தாலும் நடலாம். சுத்தம் செய்யும் வேலையில் பெரும்பங்கு ஜல்லியில் படிந்திருக்கும் நுண்ணுயிர்களுடையது. வேர்கள் அவற்றுக்கு இடம் கொடுக்கின்றன.

இந்த வகைப் படுகையில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அம்மோனியா அதிகம் குறையாது. கிருமிகளும் முழுதாகப் போகாது. வெளிவரும் தண்ணீரை மரங்களுக்கு விடலாம், பச்சையாகச் சாப்பிடும் காய்கறிக்கு வேண்டாம். நுழைவாயில் அருகே ஜல்லிக்கு மேல் தண்ணீர் தெரிய ஆரம்பித்தால் ஜல்லியைத் தோண்டும் முன் டேங்கைத் திறந்து கசடின் உயரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அதை அள்ள வேண்டிய காலம் தாண்டியிருக்கும்.